சக்கரத்தடியில் உடைத்த தேங்காய்

சன்னாசி அண்ணன் இப்படிச் செய்வார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஈப்போ விமான நிலையத்தில் நாங்கள் இருவரும் பெட்டி ஏற்றுபவர்கள். எழுபத்தெட்டில் கோலாலம்பூருக்குப் போய்வந்ததெல்லாம் காத்தாடி வைத்த சின்ன பிளேன்தான். அன்று அதில் அவருடைய ஒரே மகள் நவமணி போகிறாள். ராத்திரியே அங்கிருந்து லண்டன், தாதிப் படிப்புக்கு. சிலிம் ரிவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவன் மகள் லண்டன் போகிறாள் என்று அவர் பீற்றிக்கொண்டதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது.

பயணிகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெட்டியை ஏற்றிய மனுஷன், தள்ளுவண்டிச் சாக்குக்கு அடியிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தார். புது லாரிக்குச் சுற்றுவது போல பிளேன் மூக்குக்கு மூன்று சுற்றுச் சுற்றி, முன்சக்கரத்துப் பக்கத்தில் ஓங்கி அடித்தார்.

தேங்காய் சிதறியது. தரையில் ஒரு கல் கிடந்தாலே காத்தாடியில் அடிபடும் என்று பிளேனை நகர்த்தமாட்டார்கள். இந்த ஆளுக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். மகள்மேல் கண் பட்டுவிடும் என்ற பயத்தில் புத்தி கழன்றுவிட்டது.

விமானி வெளிறிப்போய் எல்லாரையும் இறக்கினார். நிலைய அதிகாரி கத்தவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சில்லு அத்தனையும் பொறுக்கி, முழுத் தேங்காயாகச் சேர்த்துக் காட்டினால்தான் பிளேன் போகும், உன் வேலையைப் பற்றிப் பிறகு பேசலாம் என்றார்.

குனிந்து பொறுக்கி, சேர்த்துப் பார்த்தோம். ஒரே ஒரு சில்லு குறைந்தது. கண்ணேறு கழித்த தேங்காயை நம்மவர்கள் காலால்கூட மிதிக்கமாட்டார்கள். அதை யார் எடுத்திருப்பார்கள்? லண்டன் பிளேன் போய்விடும் என்று அண்ணன் அழுதேவிட்டார்.

அப்போதுதான் நவமணி வந்து கையை விரித்தாள். சில்லு அவள் உள்ளங்கையில் இருந்தது.

"படிக்கட்டுல ஏறப்போனேன், என் காலடியில வந்து விழுந்துச்சுப்பா. நான்தான் ஒளிச்சு வச்சேன். பிளேன் போகலைன்னா நானும் போகவேணாம்லா."

அவர் வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"போறியான்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லாரும் அவளுக்கு வாழ்த்து மட்டும்தான் சொன்னோம்.

அண்ணன் சில்லை வாங்கி, குறைந்த இடத்தில் பொருத்தினார். அதிகாரி தலையசைத்தார். பயணிகள் மறுபடி ஏறினார்கள். நவமணி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. அவரும் அவளைப் போகச் சொல்லவில்லை.

"அலெக்சு, பெட்டிக் கதவைத் தொற," என்றார் என்னிடம். "மக பெட்டிய நான்தான் ஏத்துனேன். நானே எறக்குறேன்."