வேலுக்கு எர்த்

எங்கள் வீட்டில் மூன்று முனை பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்றுதான். அதுவும் பூஜை அறையில். வீடு கட்டும்போது, "கரண்டுல இன்னா கீது, ரெண்டு ஒயரு, ஒரு டேப்பு" என்று சொல்லி ஒயரிங்கைத் தானே செய்து முடித்த மேதை என் வீட்டுக்காரர் துளசிங்கம். திருப்பதி பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டர். விசில் ஊதத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எல்லா வேலையும் தெரியும் என்பது இவர் கட்சி. அதனால் கிரைண்டர் முருகன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பதினாறு வருஷமாக எங்கள் இட்லி மாவு சாமி சன்னிதியில்தான் அரைபட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் இவர் மூன்றடி உயரத்தில் ஒரு பித்தளை வேல் வாங்கிவந்து, அந்த அறைச் சுவரில் ஸ்க்ரூ அடித்து மாட்டினார். அடுத்த கிருத்திகைக்கு எதிர்வீட்டு யோகலட்சுமி கும்பிட வந்தாள். வேலைத் தொட்டவள், "ஐயோ முருகா!" என்று கத்திக் கையை உதறினாள். விரலில் ஆரம்பித்துத் தோள்வரை விர்ரென்று ஏறியதாம். நானும் தொட்டுப் பார்த்தேன். ஏறத்தான் செய்தது. பொய் சொல்வானேன், எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து கிருத்திகை தவறாமல் எங்கள் வாசலில் வரிசை. மலைமேல் முருகன் கோயிலில் நாலு மணி நேரம் நின்று தரிசனம் பண்ணியவர்கள்கூட, இறங்கிவந்து எங்கள் வீட்டு வேலையும் தொட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். இவர் காவி வேட்டி கட்டிக்கொண்டு, விபூதித் தட்டோடு நிற்பார். பஸ்ஸில் இவர் தொண்டை கிழியக் கத்தியும் யாரும் ஓர் அடி உள்ளே நகர்ந்ததில்லை. இங்கே கண்ணைக் காட்டினாலே நகர்ந்தார்கள். "ஐயா" என்று கூப்பிட்டார்கள். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

எனக்கு வேண்டியதெல்லாம் சமையலறையில் ஒரு பிளக். ஊறவைத்த அரிசியைத் தூக்கிக்கொண்டு பக்தர்களுக்கு நடுவே புகுந்து போய் அலுத்துவிட்டது. இந்தத் தடவை இவர் கை வைக்கக் கூடாது, லைசென்ஸ் இருக்கிற ஆள்தான் செய்யவேண்டும் என்று பிடிவாதமாக நின்று, ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்னால் கரீமுல்லாவை வரவழைத்தேன். அரக்கோணம் ரோட்டில் கடை வைத்திருக்கிறார். சட்டைப் பையில் போட்டோ ஒட்டிய லைசென்ஸ் கார்டு.

செருப்பைத் தெருவிலேயே விட்டார். பூஜை அறை வாசலில் நின்று, "உள்ள வரலாமாக்கா?" என்று கேட்டார்.

"வாங்க பாய், மாவு அரைக்கிற எடம்தான்" என்றேன்.

சுவிட்ச் போர்டைக் கழற்றிப் பார்த்து உச்சுக்கொட்டினார். "எர்த் ஒயரே காணோமே. யாருக்கா இத பண்ணது?"

"யாரோ ஒரு ஆளு" என்றேன். வீட்டு மானம். சுவருக்குள் ஒயர் போகிற வழியைத் தடவிக்கொண்டே வந்தவர் வேலுக்கு முன்னால் நின்றுவிட்டார். யோசித்து, டெஸ்டரை அதன்மேல் வைத்தார். டெஸ்டருக்குள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "அக்கா, இத எப்பிடிச் சொல்றதுன்னே தெரியல. ஸ்க்ரூ உள்ள ஒயரை உரசிகினு கீது. வேல்ல கரண்ட் வருது. காஞ்ச கையோட தொட்டா சுர்ருனுதான் இருக்கும். நாளான்னிக்கி ஜனங்க கொளத்துல முழுகிட்டு ஈரத்துணியோட வந்துகினு இருப்பாங்களே..."

இவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். எகிறினார்.

"எங்க சாமியப் பத்தி உனுக்கு இன்னா தெரியும் பாய்?"

"சாமியப் பத்தித் தெரியாதுங்க. ஸ்க்ரூவப் பத்தித் தெரியும்."

"கிருத்திகை முடியட்டும். அப்பால பாத்துக்கலாம்."

"நான் பாத்துட்டேனே சார். பாத்துட்டு அப்பிடியே வுட்டுட்டுப் போனா, இந்தக் கார்டைக் கிழிச்சிப் போட்டுட்டு வேற பொழப்புக்குத்தான் போவணும்."

நான் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து இவரிடம் நீட்டினேன். "கைய நனைச்சிகினு தொடு. சக்தின்னா தொடு."

இவர் சொம்பைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தொடவில்லை.

"உனுக்குத் தெரியும்" என்றேன்.

"போன வருசம்தான் தெரிஞ்சிது" என்றார். "பால் ஊத்தச்சொல்ல ஒரு தபா தூக்கி அடிச்சிது. அதுலேர்ந்து அபிஷேகத்துக்கு மெயினை ஆஃப் பண்ணிடறேன்."

"மத்தவங்க தொடச்சொல்ல ஏன் ஆஃப் பண்ணல?"

"ஐயான்னு கூப்புட்றாங்க அம்சா. முப்பது வருசம் எல்லாரும் யோவ் கண்டக்டர்னுதான் கூப்ட்டானுங்க."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வருஷமாக நான் அதே அறையில் ஈரக்கையோடு மாவு வழிப்பதை இந்த மனுஷன் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அது நினைவுக்கு வந்ததும் பாவம் பறந்துவிட்டது. "நீங்க ஆரம்பிங்க பாய்" என்றேன்.

கரீமுல்லா கொல்லையில் குழி வெட்டி எர்த் போட்டார். ஸ்க்ரூவைப் பிடுங்கி, ஒயரை மாற்றி, வேலைத் தள்ளி மாட்டினார். சமையலறையில் இரண்டு பிளக் வைத்தார். மறுநாள் சாயங்காலம் டெஸ்டரை வேலில் வைத்துக் காட்டினார். எரியவில்லை. இவர் அந்தப் பக்கமே வரவில்லை.

ஆடிக் கிருத்திகை அன்று காலையில் வரிசை தெருமுனைவரை நின்றது. முதலில் யோகலட்சுமி, குளத்திலிருந்து நேராக, தலையிலும் புடவையிலும் தண்ணீர் சொட்டச் சொட்ட. தொட்டாள். மறுபடி தொட்டாள். "ஒண்ணும் ஏறலையே?"

பின்னால் நின்ற பக்கத்துத் தெரு சடகோபன் சொன்னான்: "முந்தாநாளு பாய் உள்ள பூந்துட்டுப் போனாரே. அதான் முருகன் கோச்சிகினு போயிட்டாரா?"

எல்லாரும் இவர் முகத்தைப் பார்த்தார்கள். ஆங் என்று ஒரு வார்த்தை போதும், இவர் ஐயாவாகவே இருந்துவிடலாம். அந்த வார்த்தை வந்தால் அன்றைக்கே பொதட்டூர்பேட்டைக்கு, என் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவதென்று நான் முடிவு செய்திருந்தேன்.

இவர் சடகோபன் பக்கம் திரும்பினார். "பாய் மேல தப்பில்ல. நான் அடிச்ச ஸ்க்ரூ ஒயர்ல பட்டுகினு இருந்துது. நாலு வருசமா ஏறினது கரண்டு. எனுக்குத் தெரிஞ்சிம் சொல்லல."

யோகலட்சுமி இவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எனுக்கு ஷாக்கு வெச்சிட்டு அதுக்கு விபூதி வேற பூசி வுட்டியா நீ?"

"மன்னிச்சிரும்மா."

"தள்ளு. நான் முருகன்கிட்ட பேச வந்தேன், உங்கிட்ட இல்ல." ஈரக்கையால் வேலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வேண்டவேண்டியதை நிதானமாக வேண்டிக்கொண்டு போனாள்.

வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவரும் வேலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தட்டிலிருந்து தாங்களே விபூதி எடுத்துப் பூசிக்கொண்டார்கள். ஐயா என்று ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. கும்பிட்டு முடித்த சடகோபன் மட்டும் போகாமல் ஓரமாக நின்று, கடைசி ஆள் போனதும் இவரிடம் வந்தான். இவர் ஆசையாக விபூதியைக் கிள்ளிக் கையை உயர்த்தினார்.

சடகோபன் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "எங்க வூட்டு ஃபிரிட்ஜைத் தொட்டா அம்மன் எறங்குதுன்னு என் சம்சாரம் ரெண்டு வருசமா அதுக்கு மஞ்சத்துணி கட்டி வெச்சிகீது. அந்த பாய் நம்பர் குடுண்ணா."

இவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.