ஒரு நாளைக்கு எழுபத்துநாலு கிலோமீட்டர்

அண்ணன் கதவைத் தட்டவில்லை. முழங்கையால் தள்ளித் திறந்து உள்ளே வந்தவன், அவள் மேசையில் இருந்த, ஸ்கூட்டர் திட்டத்துக்கு வந்த பாராட்டுக் கடிதத்தின் மேலேயே வேனின் பதிவேட்டைப் போட்டான்.

"படி. எழுதி வைன்னு நீதானே சொன்ன? எழுதிட்டேன். இப்பப் படி."

அவள் அந்தப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். வளாகத்துக்குள் நின்றுகொண்டே ஓட்டும் அறுபது மின் ஸ்கூட்டர்களின் திட்டம் அவளுடையது. செல்பேசியைக் காட்டினால் பூட்டுத் திறக்கும். போகிற இடத்தில் இறங்கி அப்படியே விட்டுவிட்டுப் போகலாம். அப்படி விடப்பட்ட வண்டிகளைத் தினமும் மாலையில் தேடிப் பொறுக்கி, வளாகத்தின் கோடியில் உள்ள மின்னேற்றுக் கொட்டகைக்குக் கொண்டுபோய், காலையில் திரும்ப வகுப்புக் கட்டடங்களின் முன்னால் இறக்கி வைப்பது அண்ணனின் வேலை. டீசல் வேன். ஸ்கூட்டர்கள் வந்ததும் வளாகத்தின் இரண்டு பேருந்துகளில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள். பதினொரு வருடம் அதை ஓட்டியவனை இந்த வேனுக்கு மாற்றினார்கள்.

அவள் பக்கங்களைப் புரட்டினாள். எழுபத்தொன்று, எழுபத்தாறு, எழுபத்துநாலு.

"கிலோமீட்டரா?"

"பின்னே, சென்டிமீட்டரா? ஏரிக்கரையில ரெண்டு கிடக்கும். நூலகத்துக்குப் பின்னாடி மூணு. ஒண்ணை மாடிப்படி மேல ஏத்தி வச்சிருக்கான், எவனோ புண்ணியவான். அறுபது பிள்ளை பெத்தவன் மாதிரி சாயங்காலம் ஆனா தேடி அலையறேன், பாப்பா."

"சிரிப்பா இருக்கா உனக்கு?"

"சிரிக்கறேனா நான்? என் இடுப்பைக் கேளு, அது சொல்லும். பஸ்ல வர்றவன் இடம் வந்தா தானா இறங்கிப் போவான். இதுங்க இறங்காது. தூக்கித்தான் இறக்கணும்."

அண்ணன் போன பிறகு அவள் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தாள். அறுபது ஸ்கூட்டர்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஓடுவது நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். அதனால் மிச்சமாகும் கரியமில வாயு பதினான்கு கிலோ என்று பிரதான வாயிலில் இருக்கும் பெரிய திரை தினமும் காலையில் அறிவிக்கிறது. நின்று நின்று போகும் வேன் அதே நாளில் குடிப்பது ஒன்பதேகால் லிட்டர் டீசல். அது கக்குவது இருபத்தைந்து கிலோ.

மறுபடி பெருக்கினாள். அதே விடைதான் வந்தது.

ரத்தம் தலைக்கேற, பதிவேட்டை எடுத்துக்கொண்டு பதிவாளரின் அறைக்குப் போனாள். நாளை மறுநாள் வியாழக்கிழமை பசுமை வளாக விருதுக்கான மதிப்பீட்டுக் குழு வருகிறது. அறை முழுக்கப் பெயிண்ட் வாசனை.

பதிவாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வேன் போக்குவரத்துப் பிரிவோடதும்மா. உங்க திட்டத்துல வராது."

"அது சுமக்கறது ஸ்கூட்டரைத்தானே சார்? வேறென்ன, உங்க கோப்பையா சுமக்குது?"

"கோபப்படாதீங்க. வேனைக் கணக்குல சேர்க்காதது நானா?" அவர் திட்ட அறிக்கையின் பதினேழாம் பக்கத்தைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். "இது யார் கையெழுத்து?"

அவளுடையது. அதற்கு மேலே, அட்டவணையில், வண்டிகளைச் சேகரிக்கும் வாகனம் என்ற வரிக்கு எதிரே இருந்த கட்டத்தில் ஒரு பூஜ்யம்.

அவள் முதலில் வரைந்த திட்டத்துக்கு அந்தப் பூஜ்யம் சரி. அதில் பேட்டரியைக் கழற்றலாம், நாலு கிலோதான். ஆறு நிறுத்தங்களில் மட்டுமே வண்டியை விட முடியும். ஒரு ஆள் மூன்று சக்கர மிதிவண்டியில் போய் பேட்டரியை மாற்றிவிட்டு வரலாம், புகையே கிடையாது. கொள்முதல் குழு வாங்கியதோ பேட்டரியை உடம்புக்குள்ளேயே வைத்துப் பூட்டிய வண்டி. நிறுத்தங்களும் வேண்டாம், மாணவர்களுக்குப் பிடிக்காது என்றார்கள். மூன்று கூட்டங்களில் அவள் தொண்டை கிழியக் கத்தினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்குத் தன் அறைக்குத் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, புது வண்டிக்கு ஏற்ப எல்லாவற்றையும் திருத்தினாள்: எடை, வேகம், ஓடும் தூரம். அவர்கள் மேல் இருந்த கோபத்தில் ஒரு கட்டம் மட்டும் கண்ணில் படவில்லை.

"இப்பத் திருத்திடறேன்," என்றாள்.

"விருது முடியட்டும். வேனை அன்னிக்கு அரங்கத்துக்குப் பின்னாடி நிறுத்தச் சொல்லியிருக்கேன், யார் கண்ணுலயும் படாது." அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அப்புறம், இன்னொரு நூறு வண்டி வருது. மிச்சம் இருக்கற பஸ்ஸும் அடுத்த பருவத்திலேர்ந்து கிடையாது. உங்க அறிக்கையைக் காட்டித்தான் உத்தரவு வாங்கினோம்."

அவள் வெளியே வந்தபோது அண்ணன் வேனின் படியில் உட்கார்ந்து இடுப்புக்குப் பட்டை கட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னாள். பூஜ்யத்தையும் சொன்னாள்.

"ஆக, நீ போட்டதுதான்."

"நான்தான்."

"எட்டு மாசமா அவங்களைத் திட்டித் தீர்த்தியே, வீட்டுல ஒருத்தரை நிம்மதியா சாப்பிட விடாம!"

"அவங்களைத் திட்டினதுல தப்பில்லை. கட்டத்தை மாத்தினா வேன் நின்னுடும், அண்ணா. உன் வேலை போகும். பஸ்ஸுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு."

அவன் பட்டையை இழுத்து இறுக்கினான்.

"அதனால மாத்த மாட்டியா? என்னைச் சாக்கு வச்சுப் பொய் சொல்லப் போறியா? அந்தக் கடைசி பஸ்ல தினம் எத்தனை பேர் ஏறறாங்கன்னு தெரியுமா உனக்கு? ஸ்கூட்டர்ல நின்னுக்கிட்டுப் போக முடியாதவங்கதான் பாதிப் பேர். உன் தப்பை என் வேனுக்குப் பின்னாடி ஒளிக்காத. போ, தள்ளி நில்லு. எனக்கு ஏரிக்கரைக்குப் போகணும்."

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவள் கணினியில் அந்த அட்டவணைக் கோப்பைத் திறந்து பூஜ்யத்தை அழித்தாள். எழுபத்துநாலு என்று தட்டினாள். வாயிலில் இருக்கும் திரை அந்தக் கோப்பிலிருந்துதான் எண்களை எடுக்கும். கடவுச்சொல் அவளிடம் மட்டுமே இருந்தது.

பதினொரு மணிக்கு மதிப்பீட்டுக் குழுவினர் நாலு பேர் வாயிலில் வந்து இறங்கினார்கள். பதிவாளர் முதுகைத் திரைக்குக் காட்டியபடி வரவேற்புரையை ஆரம்பித்தார். குழுவின் தலைவி, நரைத்த தலை, தட்டையான செருப்பு, அவர் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கழித்தல் குறியா?"

பதிவாளர் திரும்பினார். நேற்று மிச்சப்படுத்திய கரியமில வாயு: -11 கிலோ. அவர் முகம் சுண்டிப்போனது.

"தொழில்நுட்பக் கோளாறு, மேடம். இப்பவே சரி பண்ணச் சொல்றேன்."

"கோளாறு இன்னிக்குக் காலை வரைக்கும் இருந்தது," என்றாள் அவள். "நான் பண்ணின கோளாறு. இந்த வண்டிகளைச் சுமக்கற வேனை விட்டுட்டேன்."

"எந்த வேன்?" என்றார் தலைவி. "நாங்க வர்ற வழியில எதுவும் பார்க்கலையே."

அவள் செல்பேசியை எடுத்தாள். "அண்ணா, வேனை வாசலுக்குக் கொண்டு வா."

"ஒளிச்சு வைக்கச் சொன்னாரே, அந்தப் பெரிய மனுஷன்?"

"வா."

வேன் புகை விட்டுக்கொண்டு வந்து திரைக்குக் கீழே நின்றது. பின்னால், வேனை ஒளித்து வைத்ததால் இறக்காமல் விட்ட, கயிறு கட்டிய பன்னிரண்டு ஸ்கூட்டர்கள். அண்ணன் பதிவேட்டைத் தலைவியிடம் நீட்டினான். அவர் நின்ற இடத்திலேயே முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

பதிவாளர் அண்ணனிடம் நெருங்கி, குரலைத் தாழ்த்தினார். "சாவியைக் கொடுத்துட்டுப் போ. இனிமே இது ஓடாது."

"இந்தாங்க." சாவி அவர் உள்ளங்கையில் விழுந்தது. "மேல பன்னிரண்டு இருக்கு சார். யார் இறக்குவா, நீங்களா?"

அவள் கயிற்றை அவிழ்த்தாள். ஓரத்தில் இருந்த ஸ்கூட்டரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பதினெட்டு கிலோ. அந்த எண்ணை அவளே கோப்பில் திருத்தியிருக்கிறாள். ஒரு நாளும் தூக்கிப் பார்த்ததில்லை. வண்டி சரிந்து அவள் மார்பில் இடித்தது.

"அங்க பிடிக்காத!" அண்ணன் கத்தினான். "முதுகு போயிடும். பின்சக்கரத்தைப் பிடி. ம், இப்பத் தூக்கு."