அரைக்கதவு

இஸ்திரிக் கடைக்காரர் மகளைப் பார்க்க வந்துபோய்க்கொண்டிருந்த பம்பு மெக்கானிக், ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர்கள் வீட்டு வாசல் நிலையில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டான். வலது காலும் டீ டம்ளர் பிடித்த கையும் கூடத்தில். இடது காலும் செருப்பும் தெருவில். இழுத்தால் வரவில்லை, தள்ளினால் போகவில்லை. வலிக்கவில்லை என்றான், பசிக்கிறது என்றான். பசியை மட்டும் எல்லோரும் நம்பினார்கள், அந்த வீட்டுக்குள் கால் வைத்தாலே அவனுக்குப் பசிதான்.

வருஷக்கணக்காக இப்படித்தான் வந்துகொண்டிருந்தான். கல்யாணப் பேச்சை எடுத்தால் இருமல் வரும். அடுத்த மாசம் சொல்றேன் மாமா என்பான். மாமா என்று கூப்பிடத் தெரிந்தது, மாப்பிள்ளை ஆகத்தான் தெரியவில்லை.

இது மகள் வேலைக்குப் போகிற அட்டைப்பெட்டிப் பட்டறையில் கிளம்பிய வினை என்பது தெருவுக்கே தெரியும். அங்கே பெட்டி மடிக்கிற நீள மேஜையில் உட்காரும் பெண்கள், தெரிந்தவன் தெரியாதவன் எல்லோருக்கும் புதுப் பெயர் கட்டுவார்கள். ஒருத்தி சொல்ல, பெயர் மேஜையைச் சுற்றி வரும். ஒரே ஒருத்தி சிரிக்காவிட்டாலும் அது செத்தது. எல்லோரும் சிரித்துவிட்டால் ஆளைப் பிடித்துக்கொள்ளும். காரியம் ஆகவேண்டிய நேரத்தில் மட்டும் உறவு கொண்டாடுகிற, அவர்களில் ஒருத்தியின் கொழுந்தனுக்கு 'மழைக்காளான்' என்று கட்டினார்கள். அதுமுதல் அவர் மழை பெய்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறார், கோடையில் அவர் பெண்டாட்டி காலி நாற்காலிக்கு முன்னால் தட்டு வைக்கிறாள். எது சொன்னாலும் ஆமாம் போடுகிற ஒருத்தி 'கண்ணாடித்தோழி' ஆனாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரிகள் தலை வாருகிறார்கள். மெக்கானிக்கைப் பிடித்தது 'அரைக்கதவு'. மூடவும் மாட்டான், திறக்கவும் மாட்டான்.

இஸ்திரிக்காரர் முதலில் அவனைத்தான் சந்தேகப்பட்டார். ஓசிச் சாப்பாட்டுக்கு நடிக்கிறான் என்று சூடான இஸ்திரிப்பெட்டியைக் கன்னத்துக்குப் பக்கத்தில் காட்டிப் பார்த்தார். ஆள் வியர்த்தானே தவிர அசையவில்லை. பிறகு செய்வினை வைத்தாளோ என்று தன் அக்காவைச் சந்தேகப்பட்டார், அவளுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. கடைசியில் பட்டறைக்கே போய், பெயர் கட்டியது யார் என்று கேட்டார். அவள்தான் என்று ஒருத்தி இன்னொருத்தியைக் காட்ட, விரல் மேஜையைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே நின்றது. திரும்பி வரும்போதுதான் அவருக்கு உறைத்தது: அந்த மேஜையில் தன் மகளுக்கும் ஒரு இடம் இருக்கிறது.

வீட்டில் மகள், கூடத்துப் பக்கம் இருந்த மெக்கானிக்கின் கையில் சாப்பாட்டுத் தட்டைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“நீயும் சிரிச்சியா?”

“சிரிச்சேன்ப்பா. இவன் வருவானா போவானான்னு யோசிச்சு யோசிச்சு என் தலைதான் நரைக்குது. அவளுங்க ஒரே வார்த்தையில முடிச்சுட்டாளுங்க. சிரிக்காம என்ன பண்றது?”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே” என்றான் அவன், வாயில் சாப்பாட்டோடு.

“இப்ப கேக்கறேன். உள்ள வரியா, வெளிய போறியா? ஏதாவது ஒண்ணு சொல்லு, விட்டுடும்.”

அவன் மெல்வதை நிறுத்தினான். கூடத்தைப் பார்த்தான், தெருவைப் பார்த்தான்.

“அவசரப்படுத்தாத. அடுத்த மாசம் சொல்றேன்.”

நிலை ஒரு தரம் கிறீச்சிட்டு அவனை இன்னும் கெட்டியாகக் கவ்வியது. அவள் தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

மறுவாரம் பக்கச் சுவரை இடித்து வேறு கதவு வைக்க ஒரு தச்சரைக் கூட்டி வந்தாள். வேலை முடிந்த அன்று, நாளைக்கு வரலாமா என்று அவர் கேட்டார். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்து, நேரே உள்ளே போய் உட்கார்ந்து, பெண் கேட்டார். சொன்ன நாளில் வருகிறவனை இஸ்திரிக்காரரால் நம்பவே முடியவில்லை. இவனுக்கு என்ன பெயர் கட்டியிருக்கிறீர்கள் என்று பட்டறைக்குப் போய் விசாரித்தார். எத்தனையோ கட்டிப் பார்த்தார்களாம், எதற்கும் அவர் மகள் சிரிக்கவில்லையாம். அது அவருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் கல்யாணம் நடந்தது, பேத்தி பிறந்தாள், பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள்.

மெக்கானிக் இன்னும் நிலையில்தான் நிற்கிறான். தபால்காரர் தபாலை அவன் தெருப்பக்கக் கையில் கொடுக்கிறார், கூடத்துப் பக்கக் கையிலிருந்து வீட்டார் வாங்கிக்கொள்கிறார்கள். ஈரக் குடை காய்வது அவன் தோளில். சாயங்காலம் கடையை அடைத்து வரும்போது இஸ்திரிக்காரர் மட்டும், என்னப்பா முடிவு என்று கேட்பார். அடுத்த மாசம் சொல்றேன் மாமா என்பான். சரி என்று அவர் பக்கச் சுவர்க் கதவு வழியே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடுவார். போட்டது விழுந்ததா என்று ஒரு தரம் இழுத்தும் பார்ப்பார்.