பதினேழாம் எண் பூச்சி

கடைக்குள் நுழையும்போதே அவள் தீர்மானமாக இருந்தாள். முள்ளுக்குக் கிழியக் கூடாது, நனைந்தால் சட்டென்று காய வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் போதும், நிறம் எந்தக் கண்ணராவியாக இருந்தாலும் போட்டுக்கொள்வாள். மூன்று வருடம் மாடாய் உழைத்த பழைய பேன்ட், போன பயணத்தில் முழங்காலிலும் பின்பக்கத்திலும் ஒரே நாளில் கையை விரித்துவிட்டது. இன்னும் பத்து நாளில் மறுபடி காட்டுக்குப் போயாக வேண்டும்.

அவள் வேலை அப்படி. இடுப்புயரப் புதர், இரண்டு மணி நேரத்துக்கு ஓர் ஓடை, எப்போது பார்த்தாலும் சொட்டிக்கொண்டிருக்கும் இலைகள். அந்தக் காட்டில் இடுப்பில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுக்க நடப்பாள். தவளை, பறவை, வண்டு, எது வாயைத் திறந்தாலும் மைக் வாங்கிக்கொள்ளும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தால், பின்னறையில் கணவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எது யாருடைய குரல் என்று பிரித்துப் பெயரெழுதுவார். ஒலிக் காப்பகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் 'கால்', அவருக்கு 'காது'. காலும் காதும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன என்று அங்கே ஒரு பழைய கேலி.

முன்பெல்லாம் இருவருமே கால்தான். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு வாசல் கேட் வரை போய்வருவதே அவருக்கு ஒரு யாத்திரை.

கடைக்காரர் சரியான துணிப் பைத்தியம். கடையின் பின்கட்டில் ஒரு வாளியில் முட்கிளை, பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர், ஒரு மேசை விசிறி வைத்திருந்தார். இந்தப் பரீட்சைகளை வைக்காமல் யாருக்கும் பேன்ட் விற்கமாட்டார்.

"பருத்தி பக்கமே போகாதீங்க மேடம். தண்ணியக் குடிச்சிட்டு எருமை மாதிரி படுத்துக்கும், எந்திரிக்காது. ஜீன்ஸ் அதுக்கு அண்ணன்."

"அதெல்லாம் பட்டாச்சுங்க. வேற காட்டுங்க."

மூன்றைக் காட்டினார். முதலாவது காகிதம் போல மெல்லியது. ஒரு டீ குடிப்பதற்குள் காய்ந்துவிட்டது, ஆனால் முட்கிளை பட்டதும் நூல் நூலாக எழுந்து நின்றது. இரண்டாவது மெத்தென்று இழுபடும் துணி, முழங்காலில் இரட்டை ஒட்டுப் போட்டுத் தைத்தது. முள் கொஞ்சம் கீறியது, கிழிக்கவில்லை. மூன்றாவது முரட்டு நைலான். அவர் முட்கிளையை எடுத்து அதன் மேல் வாள்வீச்சே வீசிப் பார்த்தார், துணி அசரவில்லை.

"போன தடவை இங்க வாங்கின உங்க பழசு எந்தத் துணியோ அதே துணிதான் இது. புதுப் பேர் வெச்சிருக்கான், அவ்வளவுதான். போட்டுட்டு வாங்க, நனைச்சுப் பார்த்துடுவோம்."

முரட்டு பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். குவளையை அவரிடமிருந்து வாங்கித் தொடையிலிருந்து தானே ஊற்றிக்கொண்டு விசிறிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தாள். இருபது நிமிடம் என்று நேரம் குறித்தார் கடைக்காரர். அதுவரை மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர், வாசலில் யாரோ கூப்பிட எழுந்து போனார். கடை திடீரென்று அமைதியானது.

மழைக்கோட்டுகள் வரிசையாகத் தொங்கின. விசிறி முகத்தைத் திருப்பும்போதெல்லாம் அவை லேசாக ஆடின, தூங்குகிறவர்கள் புரண்டு படுப்பது போல. குளிர்ந்த துணி தொடையில் ஒட்டிக் கிடந்து, மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தது. அவளுக்குக் கண் சொருகியது. இது கடையா, ஓடைக்கரைப் பாறையா என்று ஒரு கணம் பிடிபடவில்லை. தண்ணீரின் சத்தம்கூடக் கேட்டது. எழுந்து பாறையைத் தாண்டிப் போக வேண்டும், கணவர் காத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. எழுந்தாள்.

சர்ரிக். சர்ரிக்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவர் பதிவைப் போட்டுக் காட்டிக் காட்டி அவளுக்குத் தெரிந்த குரல். பதினேழாம் எண் பூச்சி! காட்டிலிருந்து பையோடு தொற்றிக்கொண்டு வந்துவிட்டதா? அலமாரிக்குப் பின்னால் குனிந்து பார்த்தாள், மழைக்கோட்டுகளை விலக்கிப் பார்த்தாள். அவள் நின்றதும் அதுவும் நின்றுவிட்டது. கண்ணாடியை நோக்கி இரண்டடி வைத்தாள். சர்ரிக், சர்ரிக். தொடையும் தொடையும் உரசிய இடத்தைக் குனிந்து பார்த்தபோது அவளுக்கு முழுத் தூக்கமும் கலைந்தது.

பெயர் தெரியாத குரல்களுக்குக் கணவர் எண்தான் போடுவார். அதில் பதினேழு அவருடைய செல்லம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனிதரை மறுபடி முகம் மழிக்க வைத்தது அதுதான். யாரும் எழுதிவைக்காத ஒரு பூச்சி, இரட்டைக் குரல், ஒரு சொல்லும் ஒரு பதிலும் மாதிரி. ஓடை தாண்டி இருபது நிமிடம் கழித்துத்தான் பாடத் தொடங்கும். ஈரத்தில் பாடவே பாடாது. அவள் நின்றால் நிறுத்திக்கொள்ளும், அவ்வளவு கூச்சம். வேறு எவர் பதிவிலும் கிடைக்காது. "உன்னை மட்டும்தான் நம்புது," என்பார் பெருமையாக. எட்டு மாதமாகக் கட்டுரை எழுதுகிறார். வெள்ளிக்கிழமை அனுப்பப் போகிறார். இன்று புதன்.

காட்டில் இது அவள் காதில் விழாததில் அதிசயமில்லை. ஓடை இரைச்சல், காதை மூடிய மழைத்தொப்பி. போதாததற்குத் தன் குறட்டை யாருக்குக் கேட்கிறது! மைக்தான் பாவம் தொடைக்குப் பக்கத்திலேயே தொங்கியிருக்கிறது.

"எப்படி இருக்கு மேடம்?" என்று கடைக்காரர் திரும்பி வந்தார். "பத்தொம்பதே நிமிஷம்! கல்லு மாதிரி உழைக்கும்."

அவள் இரண்டாவதையும் கேட்டு வாங்கிப் போட்டு நடந்து பார்த்தாள். சத்தமே இல்லை. பூனை கெட்டது. முரட்டுத் துணியை வாங்கினால் பதினேழு இன்னும் பல வருடம் பாடும். இதை வாங்கினால் இந்த மழைக்காலத்தோடு அது செத்துப்போகும். எது வாங்கினாலும் வெள்ளிக்கிழமை வரத்தான் போகிறது. நாளைக்கு வேறு யாராவது ஒருவர் மைக்கோடு அந்தக் காட்டுக்குப் போய், கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு பூச்சியைத் தேடுவார். அப்புறம் காப்பகம் முழுக்கச் சிரிக்கும். கணவர் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாரோ?

"ரெண்டையும் எடுத்துட்டுப் போறேன். ஒண்ணை நாளைக்குத் திருப்பித் தரலாமா?"

"தாராளமா."

வீட்டுக்கு வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. பின்னறைக் கதவு திறந்திருந்தது, அவருடைய முதுகு தெரிந்தது, ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. பேசாமல் மெத்துத் துணியைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போய்விடலாம், இந்தத் தடவை பூச்சி வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் யோசித்திருந்தாள். அந்த முதுகைப் பார்த்ததும் அந்தத் துணிச்சல் போய்விட்டது. படுக்கையறைக்குப் போய் முரட்டு பேன்ட்டை மாட்டிக்கொண்டு, நேராகப் போய்ச் சொல்லிவிடுவது என்று நடையில் இறங்கினாள்.

நான்கடிதான் வைத்தாள். அவருடைய கை விசுக்கென்று உயர்ந்தது.

"அசையாதே!" என்று கிசுகிசுத்தார். "ஜன்னல் பக்கம் போகாதே. நம்ம வீட்டுக்குள்ள வந்திருக்கு!"

அவள் நின்றாள். சத்தமும் நின்றது.

"பயந்துடுச்சு," என்றார் இன்னும் திரும்பாமல். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை அவளால் தாங்க முடியவில்லை. ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனால் ஓடினாலும் அது பாடும்.

"என்னங்க," என்று சொல்லிவிட்டு இன்னும் ஓரடி வைத்தாள். இன்னும் ஓரடி. சர்ரிக், சர்ரிக் என்று பதினேழு அவர் நாற்காலி வரைக்கும் வந்து நின்றது.

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு பேன்ட்டை. எட்டு மாதம் ஒரு நிமிடத்தில் அவர் முகத்தில் ஏறி இறங்கியது. பிறகு மூக்கால் ஒரு சத்தம் வந்தது, சிரிப்புத்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

"ஈரத்துல பாடாதாம்!" என்றார். "எப்படிப் பாடும்! காயணுமே!" கட்டுரையைத் திரையில் ஒரு முறை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்துவிட்டு மூடினார். அவள் அவர் தோளில் கை வைத்தாள். அவர் அதைத் தட்டிக்கொடுத்தார், ஆனால் கை பாதியில் நின்றுவிட்டது.

"இரு, இரு. மே மாசத்துப் பதிவு. அம்பது நிமிஷம் நிறுத்தாமப் பாடியிருக்கு. கட்டுரைக்கே அதுதான் உயிர். ஒரே இடத்தைச் சுத்திச் சுத்தி வருது, தன் எல்லையைக் காவல் காக்குதுன்னு எழுதியிருக்கேன்."

அவள் முரட்டுத் துணியை முழங்காலில் நீவிவிட்டாள்.

"வழி தப்பிட்டியா?"

"ஆமா."

"அன்னைக்கு சாயங்காலம் போன்ல எல்லாம் நல்லபடின்னு சொன்னே."

"வேற என்ன சொல்றது? நீங்க இங்க உக்காந்துக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது. தைத்தது அவளுக்கும் தெரிந்தது. "அம்பதாவது நிமிஷத்துல நின்னுடுது," என்றார். "அப்புறம் பத்து நிமிஷம் வெறும் இலை சொட்டுற சத்தம். துணை கிடைச்சிருக்கும்னு எழுதினேன்."

"உக்காந்து அழுதேன். வாயைப் பொத்திக்கிட்டு."

"எதுக்குப் பொத்தினே? யாரு இருந்தா அங்க?"

"மைக் ஓடிக்கிட்டிருந்துச்சு. நீங்க கேப்பீங்களே."

அவர் ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். அந்தப் பத்து நிமிடத்தை நூறு தடவையாவது கேட்டிருப்பார், கண்ணை மூடி, தாளம் போட்டுக்கொண்டு. அவள் பையிலிருந்து மற்ற பேன்ட்டை எடுத்து நீட்டினாள். அவர் துணியை விரலுக்கிடையில் தேய்த்து, பழக்க தோஷத்தில் காதருகே வைத்துப் பார்த்தார்.

"நல்ல துணி. சத்தமே இல்லை."

"அதான் இதையே வெச்சுக்கறேன். பதிவு சுத்தமா வரும்."

"வேண்டாம். இதைத் திருப்பிக் குடுத்துடு."

"பதிவு கெட்டுடுமே!"

"கெடட்டும். தவளையையும் உன்னையும் பிரிச்செடுக்க எனக்குத் தெரியும்." அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். "நீ எங்க நடக்கறே, எங்க நிக்கறேன்னு இனிமே நான் கேக்கணும். நிக்கற இடத்துல வாயைப் பொத்தாதே."

மே மாதத்தில் பாதியில் விட்ட அழுகையை அவள் அப்போது அழுதாள், சத்தமாக.