தன்பி எழுதாத வழி

கொரியாவின் குர்யோங்போ துறைமுகச் சந்தையில் மேங் சுன்ரேயின் மீன் உருண்டைச் சாறு அண்டா நான்கு வருடமாக அடுப்பில்லாமல் கொதித்தது. மேட்டுப் பள்ளியில் அவள் மகள் தன்பி ஒரு கணக்கை யோசித்தால் போதும், கீழே சாறு தளதளக்கும். கூட்டல் என்றால் வெதுவெதுப்பு, பின்னம் என்றால் கொதி. பள்ளி விடுமுறையில் மட்டும் சுன்ரே காஸ் வாங்கினாள்.

இத்தனைக்கும் தன்பிக்குக் கணக்கில் மதிப்பெண் பூஜ்யம்தான். விடையை மட்டும் எழுதுவாள், வழியை எழுத மாட்டாள். தனிவகுப்புக்குப் போகும் பிள்ளைகள் ஒரு விடைக்கு ஒன்பது வரி எழுதப் பழகியிருந்தார்கள். சாறு விற்பவள் மகள் பக்கத்தில் பார்த்துத்தான் எழுதியிருப்பாள் என்று ஆசிரியர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். சந்தைக்காரர்கள் நாங்களும் மறுத்துப் பேசவில்லை, வெட்கக்கேடு. மாற்றலாகி வந்த பியோ சார்தான் ஒரு மதியம் சாறு குடிக்க இறங்கி வந்தபோது அண்டாவுக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

“அடுப்பே இல்லியேம்மா?”

“எதுக்கு சார்? மேல உங்க பள்ளிக்கூடத்துல என் பொண்ணு இருக்காளே.”

மறுநாளே அவர் தன்பியின் பெயரை நகரத்துச் சனிக்கிழமை வகுப்புக்கு அனுப்பினார். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் வகுப்பு அது. கிடைத்தால் கல்லூரி வரை செலவில்லை. கிடைக்காவிட்டால் பதினைந்து வயதில் கணவாய் மீன் உலர்த்தும் கொட்டகைதான்.

நகரத்தில் நடந்த தேர்வில் ஒரே ஒரு கணக்கு, அரை மணி நேரம். தன்பி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் ஓர் எண்ணை எழுதினாள். வழி எங்கே என்று கேட்டதற்கு, “தெரியல, வந்துச்சு” என்றாள். தேர்வாளர்கள் மூவரும் ‘தகுதியில்லை’ என்று எழுதினார்கள். அதே அரை மணியில், இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி எங்கள் சந்தையில், சூடு சுன்ரேயின் அண்டாவோடு நிற்காமல், பக்கத்து நண்டுக்காரி ஜூகும் கடையின் கடல்நீர்த் தொட்டி கொதித்து, பதினொரு நண்டுகள் சிவந்து மிதந்தன.

“அடியே சுன்ரே! உன் பொண்ணு பரீட்சை எழுதப் போனாளா, என் கடைய அவிக்கப் போனாளா?” என்று ஜூகும் சந்தையே கேட்கக் கத்தினாள். அப்போதுதான் பியோ சார், வழி எழுதவில்லை என்று தன்பியைத் தள்ளிவிட்ட சேதியைத் தொலைபேசியில் சொன்னார். கேட்டதும் ஜூகும் நண்டுகளைத் துணியில் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

“வழி வழின்னு கேட்டீங்களாமே,” என்று மூட்டையைத் தேர்வாளர்களின் மேசைமேல் அவிழ்த்தாள். “இந்தாங்க, வழி. இன்னும் சூடு ஆறல, தொட்டுப் பாருங்க.”

மூவரில் மூத்தவர் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு நண்டுக் காலை உடைத்துத் தின்று பார்த்தார். மற்ற இருவரும் தின்றார்கள். பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளில், ‘வழி’ என்ற கட்டத்தில், ‘நண்டு பதினொன்று, நன்றாக வெந்தவை’ என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டார்கள். சந்தையில் அன்று அழாதவர் இல்லை.

தன்பியின் வகுப்பு தொடங்கிய அந்த வசந்தத்திலிருந்து சனிக்கிழமைகளில் ஜூகும் உயிர் நண்டு விற்பதில்லை. அவித்த நண்டு மட்டும்தான்.