அடுத்த சர்வீஸ் வரைக்கும்

அந்த நட்டை முறுக்காமல் விட்டது நீதான். வேறு யாரையும் சொல்லவில்லை, உன்னைத்தான். விட்டதோடு நிறுத்தியிருந்தால் விமானம் திங்கட்கிழமையே விழுந்திருக்கும். நீ நோட்டில் எழுதியும் வைத்தாய்: ‘ஆயில் குழாய் நட்டு லூஸ். அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்.’ அதனால் விழுவதும் அடுத்த சர்வீஸுக்குத் தள்ளிப்போய்விட்டது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆயில் எல்லாம் ஒழுகி எஞ்சின் நின்றது. விமானமும் நின்றது, செம்மலையப்பனின் கடலைக்காட்டுக்கு மேலே, ஒரு பனை உயரத்தில், மூக்கைச் சற்றே கீழே சாய்த்துக்கொண்டு. உள்ளே இரண்டு பேர். ஓட்டுகிற தனசீலன் ஒருவன். இன்னொருத்தி செம்மலையப்பனின் மனைவி வள்ளியாத்தாள். அண்ணன் பேத்தியின் காதுகுத்துக்குச் சீர்த்தட்டோடு கிளம்பியவள், தட்டை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

செம்மலையப்பன் போர்வெல் வண்டியில் பைப் தூக்கி, பதினாறு வருஷம் பாறைத்தூசி தின்று, சொந்தமாக ஆறு ரிக் வண்டி சேர்த்தவர். டாக்டர் பத்து நாளைக்கு மாத்திரை எழுதினால் ஏழு நாளில் முடித்துக்கொடுங்கள் என்பார். எதையும் பேசிப் படிய வைத்துவிடலாம் என்பதுதான் அவர் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரே பாடம். விமானத்தையும் பழையதாகப் பேசித்தான் வாங்கினார். ரிக் வண்டிகளைப் பழுது பார்க்கிற உன் கையிலேயே அதையும் ஒப்படைத்தார்.

முதல் வேலையாக ரிக் லாரியை அடியில் கொண்டுவந்து நிறுத்தி, மேலே கயிறு வீசி, மனைவியை இறக்கப் பார்த்தார். விமானத் துறையிலிருந்து வந்திருந்த அதிகாரி தடுத்தார்.

“எடைத்தாள்ல ரெண்டு பேருன்னு இருக்கு சார். ஒருத்தர் இறங்கினா தாள் பொய்யாயிடும். தாள் பொய்யானா அப்புறம் எதை நம்பி அது மேல நிக்கும்?”

செம்மலையப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது. கயிற்றில் இட்லித் தூக்குப்போசியை மட்டும் ஏற்றிவிட்டார்.

“அடுத்த சர்வீஸ் அம்பது மணி நேரம் பறந்த பின்னால. பத்து ஓடியிருக்கு, மீதி நாப்பது,” என்றார் அதிகாரி. “அதுக்குள்ள எழுதினவரு வந்து முறுக்கிட்டா பூ மாதிரி இறங்கிடும்.”

“வராட்டி?”

“தள்ளிவெச்சது வந்துடும்.”

“நிக்கறதெல்லாம் பறக்கறதாங்க?”

“சக்கரம் தரையில இல்லையே சார்.”

“எஞ்சின் ஓடலியே. நின்ன லாரிக்கு யாராச்சும் கிலோமீட்டர் போடுவாங்களா? பாதி போடுங்க. ரெண்டு மணி நின்னா ஒரு மணி.”

அதிகாரி மேலே பார்த்தார். பேனாவை இரண்டு தரம் உதறினார். எழுதிக்கொண்டார். நாற்பது எண்பதாயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் வள்ளியாத்தாளுக்கு நேரம் கிடைத்தது.

உன் போன் அணைந்திருந்தது. உன் வீட்டுக்கு ஆள் போனபோது நீ பழநிக்குப் போயிருப்பதாக உன் சம்சாரம் சொன்னாள். பழநியில் தேடிவிட்டு வந்தவர்கள் மொட்டைத் தலைகளை எண்ணி மாளவில்லை என்றார்கள். செம்மலையப்பன் வேறு இரண்டு மெக்கானிக்குகளைக் கூட்டிவந்து கெஞ்சினார். அவர்கள் நோட்டை வாங்கி உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள்.

“பாத்துக்கலாம்னு எழுதின கைதான் பாக்கணுங்ணா. நாங்க முறுக்குனா அது வேற நட்டாயிடும்.”

புதன்கிழமை மத்தியானம் செம்மலையப்பன் காட்டு வரப்பில் நின்று மனைவியிடம் போனில் பேசினார்.

“சாப்பிட்டியா?”

“ஆச்சுங். சீர்த்தட்டுல வாழைப்பழம் தீந்துபோச்சு. தேங்காயை எங்கீங்க உடைக்கறது? தனசீலன் தம்பிகூடத் தாயம் ஆடிட்டிருக்கேன். மூணு ஆட்டமும் எனக்குத்தான்.”

“அவன் வந்துருவான், பயப்படாத. எழுதுன நாயி எங்க ஓடிரும்?”

“அவனை மட்டும் ஏனுங் பேசறீங்க? ‘காட்டூர்ல ரிக்கு நின்னுபோச்சு, அதைப் போய்ப் பாரு, இதை அடுத்த சர்வீஸ்ல பாத்துக்கலாம்’னு சொன்னது ஆரு? உங்க வாயில வந்ததைத்தான் அவன் எழுதுனான்.”

எதிராளி சொன்னதைக் குறைக்கச் சொல்லாமல் செம்மலையப்பன் முழுசாக எடுத்துக்கொண்டது அன்றைக்குத்தான். ஆமாம், அவசரப்படுத்தியது அவர்தான். இல்லை என்று யார் சொன்னது? ஸ்பேனர் யார் கையில் இருந்தது, அதைச் சொல்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு விமானம் விழுகிற சத்தம் மட்டும் முன்கூட்டியே வந்து சேர்ந்தது. நட்டைத்தானே நீ தள்ளிவைத்திருந்தாய், சத்தத்தைப் பற்றி நோட்டில் ஒன்றும் இல்லை. செம்மலையப்பன் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் உதிர்ந்தன. எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போயிற்று. நாலு ஊருக்குக் கேட்டிருக்கும். கேட்டவர்கள் குளித்துவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தார்கள்.

அவர் கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டித் தள்ளிவிட்டுக் காட்டில் நாற்காலி போட்டார். பந்தல் தேவைப்படவில்லை. நெருக்கி உட்கார்ந்தால் விமானத்தின் நிழலே போதுமானதாக இருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். வள்ளியாத்தாள் மேலிருந்து போன் போட்டாள்.

“ஆரெல்லாம் வந்திருக்காங்க? எனக்கு இங்கிருந்து மண்டைதான் தெரியுது.”

வரிசையாகச் சொன்னார்.

“எங்கண்ணன்?”

“முன்னால உக்காந்திருக்காரு.”

“சீர் வந்து சேரலைன்னு மூஞ்சியத் தூக்கிட்டிருந்தாரே. அழுதாரா?”

“துண்டு நனைஞ்சுபோச்சு.”

“கொஞ்ச நேரம் அழுவட்டும்,” என்றாள். பிறகு, “மாலைக்குத் தண்ணி தெளிச்சு வைங்க, சாயங்காலத்துக்குள்ள வாடிரும்,” என்றாள்.

மாலைகளைக் கடலைச்செடி மேல் பரப்பித் தண்ணீர் தெளித்திருக்கிறது. மணி இப்போது நாலு. வந்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை. சத்தம் கேட்டாகிவிட்டது, மீதியையும் பார்த்துவிட்டே போகலாம் என்கிறார்கள். தனசீலன் ஆறாவது ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறான்.

பதினாலாம் நம்பர் ஸ்பேனர், ஒன்றரைச் சுற்று. வேலை அவ்வளவுதான். ரிக் லாரி மேல் ஏணி கட்டித் தயாராக வைத்திருக்கிறது. உன்னை யாரும் அடிக்க மாட்டார்கள், அவள் அண்ணன் உட்பட எல்லாரிடமும் செம்மலையப்பன் அதைப் பேசி முடித்துவிட்டார். மொட்டையோடு இருந்தாலும் சரி, முடியோடு இருந்தாலும் சரி, இருக்கிற இடத்திலிருந்து எழுந்திரு. ஐந்து மணிக்குள் வந்து முறுக்கு.