ஒரு பணியாளர், இரண்டு கிளை

அவளுடைய இடமாற்ற உத்தரவு மூன்று வருடமாக மேலாளரின் மேசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கணவனும் மகளும் வேறு ஊரில் இருந்தார்கள். அந்த ஊர்க் கிளையில் இவளுக்கு இடமும் காலியாக இருந்தது. கம்ப்யூட்டர்தான் அவளை விடவில்லை. சாக்கு இல்லை, நிஜம்.

பணியாளர் விவரமும் சம்பளமும் இருந்த பழைய டேட்டாபேஸ் ஒரு மரம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே ஒரு தாய்ப்பதிவு. அவள் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவி என்பதால் அந்தப் பிரிவில் மற்றவர்கள் எல்லாரும் அவளுக்குக் கீழே தொங்கினார்கள். அவளை எடுத்தால் அவர்களும் சம்பளத்தோடு அடியோடு போய்விடுவார்கள். பிள்ளைகளை வேறு தாயிடம் ஒப்படைக்கும் வழியை எந்தப் புண்ணியவானும் எழுதி வைக்கவில்லை.

நடுவில் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து வலைப்பின்னல் முறையை வைத்துப் பார்த்தார்கள். யாரையும் எத்தனை பேரோடும் கோக்கலாம் என்றார்கள், கோத்தார்கள். ஒரு இணைப்பு அறுந்தது. ஸ்டோர்க்காரர் கேன்டீன் கணக்கில் போய் விழுந்தார். எந்த நூல் எங்கே போகிறது என்று கோத்தவர்களுக்கே பிடிபடவில்லை. மூட்டை கட்டிவிட்டார்கள்.

கடைசியில் அவளே வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். பணியாளர்களுக்கு ஒரு அட்டவணை, கிளைகளுக்கு ஒன்று, யார் எந்தக் கிளை என்று சொல்ல மூன்றாவது. எண்கள் பொருந்தினால் போதும், யாரும் யார் கழுத்திலும் தொங்க வேண்டாம். ‘ஒருவருக்கு ஒரே கிளை’ என்ற கட்டுப்பாட்டை மட்டும் அவள் போடவில்லை. பட்ட பாட்டில் அந்த ‘ஒரே’ மேல் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம்.

இன்று சோதனைப் பிரதியில் தன்னை அழித்துப் பார்த்தாள். மற்றவர்கள் அப்படியே இருந்தார்கள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

மேலாளர் எட்டிப் பார்த்தார். “இதுல ஒரே ஆள ரெண்டு கிளையில போடலாமா?”

“எத்தனை கிளையில வேணும்னாலும் போடலாம் சார்,” என்றாள் பெருமையாக. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“அப்ப உங்கள எதுக்கும்மா இங்கேருந்து எடுக்கணும்? மூணு நாள் அங்க, மூணு நாள் இங்க. அங்கயும் சேத்துடுங்க.”

மறுக்க அவளிடம் காரணம் இருந்தது, மேலாளர் கேட்க நிற்கவில்லை. அவள் கட்டிய அட்டவணையிடம் காரணமே இல்லை. அவள் பெயரில் இரண்டாவது வரிசையை அது முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டது.

மகள் போன் செய்தாள். “விட்டுட்டாங்களாம்மா?”

“அங்க போட்டுட்டாங்கடி. இங்கயும் வச்சிருக்காங்க.”

மகள் நாட்களை எண்ணிப் பார்த்தாள். இரண்டு ஊருக்கும் நடுவில் போக ஒரு பகல், வர ஒரு பகல் ரயில் என்பது அவளுக்குத் தெரியும்.

“அப்ப வீட்ல எப்பம்மா இருப்ப?”